அருகில் இருப்பதை அலட்சியப்படுத்தலாமா?

பள்ளி விடுமுறை தொடங்கியதும், "அப்பா, இந்த முறை எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கெந்திங், லங்காவி என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் அப்பா, தங்கும் விடுதிச் செலவை எண்ணி, "அடுத்த முறை பார்க்கலாம்" என்கிறார். அந்த அடுத்த முறை வருவதே இல்லை. ஒரு கட்டத்தில் பிள்ளைகள் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நாம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

குடும்பமாக வெளியே போகப் பெரும் பணம் வேண்டும் என்ற எண்ணம் முதலில் மாற வேண்டும். பேரா மாநிலத்தின் தைப்பிங் நகரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஏரிப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட பள்ளங்கள்தாம் 1880ஆம் ஆண்டில் பூங்காவாக உருமாறின. தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் சாலையைக் கடந்து ஏரி நீரைத் தொடும் காட்சியைக் காணக் கண் இரண்டு போதாது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அந்த நிழலில் உண்டால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

புக்கிட் லாருட் மலைக்குப் போகும் வழியில் போர் நினைவுக் கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களுள் இந்திய வீரர்களும் உண்டு. பாதிக்கு மேற்பட்டோரின் பெயர்கூடத் தெரியாது. இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் போர் என்றால் என்னவென்று அவர்களுக்கே புரியும்.

பிறகு காரில் அரை மணி நேரத்திற்குள் கோல செபெத்தாங் மீனவர் ஊரை அடையலாம். இதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்குக்கும் இந்த ஊருக்கும் இடையே திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படையினர் அதை அமைத்தனர். தண்டவாளம் இன்று இல்லை; நிலையத்தின் பெயர்ப் பலகை இன்னும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றுடன் தமிழும் இருக்கிறது. உங்கள் பிள்ளையை அந்தத் தமிழ் எழுத்துகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இந்த நாட்டின் ஆரம்பத்திலேயே நம் மொழிக்கும் இடம் இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் சொல்லும்?

பணம் கட்டிப் பார்க்கும் இடங்களும் உள்ளன. 1961இல் தொடங்கிய தைப்பிங் விலங்குக் காட்சிசாலை அவற்றுள் ஒன்று. ஒரு பயணத்திற்குக் கட்டணமுள்ள இடம் ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டால் செலவு கைக்குள் அடங்கும். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். ஆகவே காலையிலேயே கிளம்புங்கள், குடையை மறக்காதீர்கள்.

தைப்பிங்கில் வசிப்பவர்களிலேயே பலர் இந்தப் பலகையைப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் ஊருக்கு அருகிலும் ஓர் ஆறு, ஒரு பழைய நிலையம், ஒரு பூங்கா நிச்சயம் இருக்கும். பிள்ளைகளின் நினைவில் நிற்கப் போவது நாம் செலவழித்த வெள்ளி அல்ல. அவர்களோடு நாம் இருந்த அந்த ஒரு நாள்தான். பிள்ளைகள் கேட்பதை நிறுத்துவதற்கு முன் கிளம்புவோம்.