பழைய கணினியும் புதிய நினைவகமும்: பொருத்தப்பாடு பற்றிய சில குறிப்புகள்

விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கான வழமையான ஆதரவு 2025 ஒற்றோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றதை அடுத்து, இயங்குநிலையிலுள்ள மேசைக் கணினிகள் பல கழிவுப் பொருளாகக் கருதப்படும் நிலை தோன்றியுள்ளது. இவற்றுள் கணிசமானவை, லினக்ஸ் போன்ற இயக்க முறைமையுடன் நினைவகத்தையும் கூட்டிக்கொண்டால் மேலும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. ஆயின், பொருந்தாத நினைவகத் தகட்டை (வழக்கில் ‘றாம்’) வாங்கிப் பொருத்திவிட்டு, கணினி இயங்காமை கண்டு தாய்ப்பலகையே பழுதென முடிவுசெய்வோரும் உளர்.

தலைமுறை வேறுபாடு எளிதிற் புலப்படும். டீ.டீ.ஆர்.2, டீ.டீ.ஆர்.3 ஆகிய இரண்டும் 240 தொடுமுனைகள் கொண்டவையெனினும், முன்னையது 1.8 வோல்ற்றிலும் பின்னையது 1.5 வோல்ற்றிலும் இயங்குவன; தகட்டின் விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். நுழையாததை அழுத்தி நுழைத்தலாகாது.

நுழைந்தும் இயங்காத தகடே உண்மையான சிக்கலைத் தருவது. இன்ரெல் நிறுவனத்தின் ஜி41 சில்லுத் தொகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2008 இல் வெளிவந்த இத்தொகுதி 8 கிகாபைற்று வரை ஏற்கும். எனவே 4 கிகாபைற்றுத் தகடுகள் இரண்டு போதும் எனத் தோன்றும். ஆனால் இதிலுள்ள நினைவகக் கட்டுப்படுத்தி, ஒவ்வொன்றும் 2 கிகாபிற்று வரை கொண்ட சில்லுகளையே கையாளவல்லது. அத்தகைய சில்லுகள் பதினாறு சேர்ந்த 4 கிகாபைற்றுத் தகடு இயங்கும். 4 கிகாபிற்றுச் சில்லுகள் எட்டே கொண்ட, அதே கொள்ளளவுடைய பிற்காலத் தகடு இயங்காது. பின்னைய சில்லின் நிரைகள் இருமடங்கானவை. அவற்றைச் சுட்டுதற்கு மேலுமொரு முகவரி இணைப்பு வேண்டும். அதற்கான ஏற்பாடு பழைய கட்டுப்படுத்தியில் இல்லை. கொள்ளளவைப் பெரிய எழுத்திற் பறைசாற்றும் சந்தை இவ்வேறுபாட்டைச் சிற்றெழுத்திலேயே அச்சிடுகின்றது: ஒட்டுத்தாளில் ‘2ஆர்×8’ எனக் காணப்படின் சில்லுகள் பதினாறு; ‘1ஆர்×8’ எனின் எட்டு. வாங்குவோர் நோக்கவேண்டியது இதனையே.

இன்ரெல் கணினிகளில் 2008 இன் பிற்பகுதியிலிருந்து இக்கட்டுப்படுத்தி படிப்படியாக முறைவழியாக்கியினுள்ளேயே அமைக்கப்பட்டது. ஆகவே அவ்வகைக் கணினிகளில் தாய்ப்பலகையை மட்டுமன்றி முறைவழியாக்கியின் தலைமுறையையும் அறிதல் வேண்டும். 2015 இல் வந்த ஆறாந் தலைமுறை முறைவழியாக்கிகள் 1.35 வோல்ற்றுத் தகடுகளை ஏற்பினும், 1.5 வோல்ற்றுடைய பழைய தகடுகள் அவற்றிற்குத் தீங்கு விளைக்கலாமென உற்பத்தியாளரே எச்சரித்தனர்.

பழைய பொருட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சேவையகத் தகடுகளிற் பல, பதிவி இணைந்த வகையின. வெட்டும் முனைகளும் ஒத்திருப்பினும் சாதாரண மேசைக் கணினி அவற்றை ஏற்காது. மலிவின் காரணமும் பெரும்பாலும் இதுவே. வேகத்தைப் பொறுத்தவரை அவ்வளவு கவலை வேண்டியதில்லை: விரைவான தகடு பொதுவாகக் கட்டுப்படுத்தியின் வேகத்திற்குத் தாழ்ந்து இயங்கும், அதற்கென மிகைப்பணம் கொடுத்தல் வீண். மேலும், 32 பிற்று விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள கணினியில் 4 கிகாபைற்றுக்கு மேற் சேர்ப்பதாற் பயனில்லை. முதலில் 64 பிற்று முறைமைக்கு மாறவேண்டும்.

வாங்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, ஏற்கெனவே உள்ள தகட்டின் ஒட்டுத்தாளையும் தாய்ப்பலகையின் மாதிரி இலக்கத்தையும் குறித்துக்கொள்ளல் நன்று. பொருந்தாவிடின் மாற்றித் தருவதாக விற்பவர் உடன்பட்ட பின்னரே பணங் கொடுத்தல் தகும்.