திரையில் கண்டதும் வீட்டில் கேட்பதும்

பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிப் பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் சில கேள்விகள் வெளியே வரும். எல்லோரும் போனபின் ஒருத்தி மட்டும் நின்று, குரலைத் தாழ்த்திக் கதைப்பாள்.

"அக்கா, இவர் போனிலை பாக்கிறதையெல்லாம் என்னட்டைக் கேக்கிறார். ஏலாது எண்டால், நீ ஒண்டும் தெரியாதவள் எண்டு ஏசுறார். ஆரிட்டைச் சொல்லுறது? சொன்னா என்னைத்தானே பிழை சொல்லுவினம்."

இப்படிக் கேட்பவள் ஒருத்தி அல்ல. வயதும் ஊரும் மாறும். கடைசி வசனம் மட்டும் மாறுவதில்லை. அந்த வசனத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

சைக்கிள் டைனமோவிலிருந்து கைத்தொலைபேசி வரை

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. படம் பார்ப்பதென்றால் ஒழுங்கை முழுவதும் காசு சேர்த்து ரி.வி.யும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுக்க வேண்டும். முற்றத்தில் பாய் விரித்து, அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை ஒன்றாக இருந்து பார்த்தோம்.

போர்நிறுத்தத்தின் பின், 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. சீடிக்களும் செய்மதித் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஒரேயடியாக வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடுண்டது. 2009 இன் பின் இணையமும் சேர்ந்து வந்தது. 2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்புக்கென்று நாமே கடன்பட்டுப் பிள்ளைகளின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்தோம்.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அன்றும் அடி இருந்தது, சீதனக் கொடுமை இருந்தது, தெருவில் நக்கல் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று பார்த்தது எதுவானாலும் பலர் நடுவில் இருந்து பார்த்தோம். "இதெல்லாம் படத்துக்குத்தான் சரி" என்று அம்மம்மா ஒரு சொல் சொல்லுவா. இன்று பதினான்கு வயதுப் பையனும் நாற்பது வயதுக் குடும்பஸ்தனும் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பார்க்கிறார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அருகில் எவரும் இல்லை.

பார்த்துப் பழகுதல்

மனிதர் பார்த்துப் பழகுபவர்கள். அமெரிக்க உளவியலாளர் அல்பேட் பண்டூரா 1961 இல் சிறு பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார். வளர்ந்த ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த பிள்ளைகள், தனித்து விடப்பட்டபோது தாமும் அப்படியே அடித்தார்கள். 1963 இல் அதையே திரைப்படமாகக் காட்டினார். படத்தில் பார்த்த பிள்ளைகளும் அவ்வாறே செய்தார்கள்.

எமது தமிழ்ச் சினிமா பல காலமாகக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. பெண் "வேண்டாம்" என்பாள். கதாநாயகன் விடமாட்டான். பஸ் தரிப்பிடத்தில் நிற்பான், வீடுவரை பின்தொடர்வான், கையைப் பிடிப்பான். கடைசியில் அவள் சிரிப்பாள், பாட்டு வரும். இதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, ரியூசன் முடிந்து சைக்கிளில் போகும் பிள்ளையை மறிப்பது குற்றமாகத் தெரியாது. அவள் பயந்து வேகமாக மிதிப்பதும் அவன் கண்ணுக்கு வெட்கமாகத்தான் தெரியும்.

தொடர் நாடகங்கள் எமக்கு இன்னொரு பாடம் சொல்கின்றன. எதையும் பொறுத்து அழுபவள் நல்லவள். எதிர்த்துக் கதைப்பவள் கெட்டவள். கணவன் இல்லாமல் தலைநிமிர்ந்து திரிபவள் சந்தேகத்துக்குரியவள். வடக்கு கிழக்கில் ஏறக்குறைய 89,000 கைம்பெண்கள் இருப்பதாக 2010 இல் அரச தரப்பில் கூறப்பட்டது. இத்தனை பெண்கள் தனித்து உழைத்துப் பிள்ளை வளர்க்கும் மண்ணில் இந்தப் பாடம் யாரைக் குத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

நீலப்படம் மறைப்பது எதை?

கைத்தொலைபேசியில் இன்று காசில்லாமல் கிடைப்பது நீலப்படம். அதில் என்ன இருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2010 இல் வெளியிட்டார்கள். அதிகம் விற்பனையான படங்களிலிருந்து 304 காட்சிகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் ஏறக்குறைய 88 வீதமானவற்றில் அறைதல், முடியைப் பிடித்து இழுத்தல், கழுத்தை நெரித்தல் போன்ற உடல் வன்முறை இருந்தது. அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அடிபடும் பெண் பெரும்பாலும் நோகாதவள் போலவோ அதை விரும்புகிறவள் போலவோதான் காட்டப்படுகிறாள்.

அது நடிப்பு. காசு கொடுத்து, வெட்டி ஒட்டி எடுத்த படம். சில படங்களில் நடிப்பும் இல்லை; மிரட்டப்பட்ட, கடத்தப்பட்ட பெண்களின் உண்மையான துன்பம் அது. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நாள் முழுதும் கூலிவேலை செய்து வந்த அலுப்பு அப்படங்களில் இல்லை. பிள்ளை எழும்பிவிடுமோ என்ற யோசனை இல்லை. கருத்தரிக்கும் பயம் இல்லை. "உமக்குச் சரியோ?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்பதும் இல்லை. உடம்பில் செல் துண்டோடு வாழ்பவள் அதில் இல்லை. காலை இழந்தவள் இல்லை. சோதனைச் சாவடியிலோ தடுப்பிலோ நடந்தவற்றின் பின், இருட்டில் யாராவது தொட்டால் உடம்பு விறைத்துப்போகிறவள் இல்லை. எமக்குள் அப்படிப் பலர் இருக்கிறோம். அந்த விறைப்பு குளிர்மையும் அல்ல, அன்பின்மையும் அல்ல. பட்ட காயம் அது. அதைப் படத்தில் வரும் பெண்ணோடு ஒப்பிட்டு ஏசுவது பெரும் அநியாயம்.

ஆண்களும் இதில் பாதிக்கப்படுகிறார்கள். தன் உடலையும் வலிமையையும் படத்தோடு ஒப்பிட்டு, தான் குறைந்தவன் என்று மனம் புழுங்குகிறவர்கள் உண்டு. தாம்பத்தியம் என்றால் என்ன என்று தகப்பன் சொல்லவில்லை. பாடசாலையில் "இந்தப் பாடத்தை வீட்டில் வாசியுங்கள்" என்று தாண்டியிருப்பார்கள். மிஞ்சிய ஒரே ஆசிரியர் அந்தச் சிறு திரைதான்.

படம் பார்க்கும் ஒவ்வொருவரும் கொடுமைக்காரர் ஆகிவிடுவதில்லை. பார்ப்பதற்கும் பாலியல் வன்முறைக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். ஆனால் படம்தான் காரணமா, அம்மனப்பான்மை உள்ளவர்கள்தான் கூடப் பார்க்கிறார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனவே குற்றத்தைப் படத்தின் தலையில் போட்டு, செய்தவனைத் தப்பவிடவும் கூடாது.

படமே ஆயுதமாகும்போது

படம் பார்ப்பதோடு நிற்காமல், படம் எடுப்பதும் அதைக் காட்டுவதும் இன்று பெண்ணை அடக்கும் வழியாகிவிட்டது. இதை எமக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 இல் போர் முடிந்தபோது, இறந்த எமது பெண்களின் ஆடை களையப்பட்ட உடல்களைக் கைத்தொலைபேசியில் பிடித்தவர்கள் இருந்தார்கள். பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2011 ஜூனில் ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் உலகம் அக்காட்சிகளைக் கண்டது. அந்தப் படங்களில் தன் பிள்ளையின் முகத்தைத் தேடிய தாய் ஒருத்தி இதை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி கடத்தப்பட்டு, கூட்டு வன்புணர்வின் பின் கொல்லப்பட்டாள். அக்கொடுமையை வீடியோவாக எடுத்து விற்பதும் நோக்கமாக இருந்தது என்று வழக்குத் தொடுநர் தரப்பு கூறியது. யாழ்ப்பாணத்தில் கூடிய மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று 2017 செப்டெம்பர் 27 அன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் நாம் என்ன செய்தோம்? அவளது உயிரற்ற உடலின் படத்தை முகநூலிலும் கைத்தொலைபேசியிலும் ஒருவருக்கொருவர் அனுப்பினோம். அனுதாபத்தால்தான் அனுப்பினோம். ஆனாலும் அந்தப் பிள்ளையின் உடலை ஊர் பார்க்க வைத்ததில் எமக்கும் பங்குண்டு.

தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களோடு நட்பாகப் பழகி, பலாத்காரம் செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அவர்களது பலம். 2019 பெப்ரவரியில் கல்லூரி மாணவி ஒருத்தி முறைப்பாடு செய்தாள். அவளது அடையாளத்தைப் பொலிஸ் அதிகாரியே ஊடகங்களுக்கு வெளியிட்ட அவலமும் நடந்தது. அப்படியிருந்தும் வழக்கு நின்றது. சாட்சி சொன்ன 48 பேரில் ஒருவரும் பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது.

"சொன்னா என்னைத்தானே பிழை சொல்லுவினம்" என்று எங்கள் கூட்டத்தில் நின்றவள் சொன்னாளே, அந்தப் பயத்தை வைத்துத்தான் பொள்ளாச்சிக் கும்பல் அத்தனை காலம் தப்பியது. ஒருத்தி பேசியதும் அவர்களது பலம் போயிற்று.

சட்டத்தில் உள்ள வழிகள்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995 இல் செய்த திருத்தம் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கலாம். சிறுவர்களை ஆபாசமாகப் படமெடுப்பதும் அப்படத்தை வைத்திருப்பதும் குற்றம். படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பதும் குற்றம்.

ஆனால் அதே 1995 திருத்தம், கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவதை, நீதிமன்றத்தின் மூலம் பிரிந்தவர்களுக்கு மட்டுமே வன்புணர்வாகக் கொண்டது. இது பெருங்குறை. இருந்தாலும் அடியும் துன்புறுத்தலும் இருந்தால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நாமே கேட்கலாம், எமக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். கணவனைச் சிறைக்கு அனுப்புவது இதன் நோக்கமல்ல. அடியை நிறுத்துவதே நோக்கம்.

படத்தை வைத்து எவராவது மிரட்டினால்:

- பணம் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள்.
- வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். திரையைப் படமெடுத்து வையுங்கள்.
- நம்பிக்கையான ஒருவரோடு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்துக்குப் போங்கள்.
- மகளிர் உதவிக்கு 1938, சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கங்களை அழையுங்கள்.
- அரச வைத்தியசாலைகள் பலவற்றில் "மிதுரு பியச" என்ற நட்பு நிலையம் உண்டு. அங்கே கதைக்கலாம்.
- பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு "ஸ்டொப் என்.சி.ஐ.ஐ." என்ற இணையச் சேவை உண்டு. படத்தை எங்கும் அனுப்பாமல், அதன் இலக்க அடையாளத்தை மட்டும் பதிந்து, முகநூல் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவும்.

வீட்டில் தொடங்குவோம்

கணவனோடு கதைப்பதற்குச் சண்டை நேரத்தைத் தெரிவு செய்ய வேண்டாம். பகலில், மனம் ஆறியிருக்கும்போது, "அது எனக்கு நோகுது. அந்தப் படத்திலை வாறவளுக்கும் நொந்திருக்கும்" என்று சொல்லலாம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் சொல்லாதவரை, படம் சொல்வதையே அவர் உண்மை என்று நம்புவார். சொன்னதற்கு அடி விழும் வீடென்றால், கதைத்துத் திருத்தும் பொறுப்பு உங்களுடையதல்ல. முதலில் பாதுகாப்பைத் தேடுங்கள்.

மகனின் கைத்தொலைபேசியைப் பறித்து உடைப்பதால் பயனில்லை. அவன் நண்பனுடையதில் பார்ப்பான். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே, "அதிலை காட்டுறது உண்மையான வாழ்க்கை இல்லை. ஒருத்தி வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்" என்று சொல்லுங்கள். தகப்பன் இல்லாத வீட்டில் மாமாவோ நம்பிக்கையான ஆசிரியரோ சொல்லலாம். எவரும் இல்லாவிட்டால் தாய் சொல்வதில் பிழையே இல்லை.

மகளிடம் "கவனமாய் இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "என்ன நடந்தாலும் என்னட்டை வா, நான் ஏசமாட்டன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். மிரட்டுபவன் வரும் நாளில் அவளுக்கு அந்த வார்த்தைதான் கைகொடுக்கும்.

அயலில் ஒரு பெண்ணின் படம் சுற்றினால், எம் கைக்கு வந்ததை அங்கேயே நிறுத்துவோம். "ஆர் எடுத்தது, ஆர் அனுப்பினது" என்று கேட்போம். "அவள் ஏன் போனவள்?" என்று கேட்கமாட்டோம்.

அன்று கூட்டம் முடிந்து நின்றவளோடு அரைமணி நேரம் கதைத்தோம். போகும்போது அவள் சுருட்டிய பாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "அடுத்த முறை இதை எல்லாருக்கும் முன்னாலை கதைப்பம் அக்கா. எனக்கு மட்டுமில்லைத்தானே?" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் விடயம்.