தோளோடு தோள் சேரும் கோடுகள்

கைவினை உலகம் – 17

ஜப்பானிய ஓவியர் மோரி யோஷிதோஷியின் திருவிழாப் படங்களில் முதலில் கண்ணில் படுவது கறுப்பு. கனத்த கறுப்புக் கோடுகள், அவற்றுக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், அவுரி நீலம். முகங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். புருவம் நெரிந்திருக்கும், தோள்கள் திமிறும். கொஞ்சம் நின்று பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். அந்தக் கறுப்புக் கோடுகள் பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. ஒருவனுடைய முழங்கைக் கோடு பக்கத்தில் இருப்பவனின் முதுகில் போய்ச் சேர்கிறது. முதுகு தலைக்கட்டுத் துணியோடும், துணி பல்லக்குத் தண்டோடும் சேர்ந்துகொள்கிறது. கூட்டமே ஒரே உடம்பாகிவிடுகிறது.

ஓவியரின் பாணி இது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பாணி பாதிதான், மீதி தாளின் கட்டாயம். ஜப்பானியர் கதாஎசோமே என்று சொல்லும் ஸ்டென்சில் சாயக்கலையை அறிய, அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காகித முசுக்கொட்டையின் பட்டையிலிருந்து செய்த கைத்தாள்கள் இரண்டு மூன்றை எடுத்து, பெர்சிமன் காயின் துவர்ச்சாற்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். உலர்ந்ததும் புகை அறையில் தொங்கவிடுவார்கள். தாள் பழுப்பேறும், தண்ணீருக்கு அசையாத உறுதி பெறும். மியே மாகாணத்தில் சுசுகா நகரைச் சேர்ந்த ஷிரோகோ, ஜிகே என்ற இரண்டு ஊர்கள் இந்தத் தாளில் உருவம் வெட்டுவதையே பல நூற்றாண்டுகளாகப் பிழைப்பாகக் கொண்டவை. எதோ எனப்படும் வரலாற்றுக் காலத்தில் கிஷூ பிரபுக்களின் ஆதரவோடு இவ்வூர் வியாபாரிகள் நாடெங்கும் நடந்து போய் ஸ்டென்சில் விற்றார்கள்.

கூர்கத்தியால் உருவத்தை வெட்டும்போதுதான் சிக்கல் வரும். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வெட்டினால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். அதனால் வெட்டுகிறவர் ஆங்காங்கே மெல்லிய பாலங்களை விட்டுவைப்பார். வெட்டி முடித்ததும் தாளின் மேல் மெல்லிய பட்டு வலையை அரக்குப்பூச்சால் ஒட்டி, பிறகு தேவையில்லாத பாலங்களை நறுக்கி எடுப்பார். வலை தாங்கிக்கொள்வதால் தனித்தீவுகளையும் நிறுத்தமுடியும். ஆனாலும் எதையும் எதனோடாவது இணைத்தே யோசிக்கக் கை பழகிப்போகும். தேர்ந்த கலைஞருக்கு அந்தப் பாலங்களே அலங்காரம்.

அடுத்தது பசை. ஒட்டும் அரிசியின் மாவு, தவிடு, உப்பு, சுண்ணாம்பு. மாவையும் தவிட்டையும் பிசைந்து வேகவைத்து, சுண்ணாம்பும் உப்பும் சேர்த்துக் கடைவார்கள். உப்பு பசையைச் சட்டென்று காய்ந்து வெடிக்கவிடாது. ஸ்டென்சிலைத் துணிமேலோ தாள்மேலோ வைத்து, மரத்தகட்டால் இந்தப் பசையை ஒரே சீராக இழுக்க வேண்டும். வெட்டிய துளைகள் வழியாகப் பசை இறங்கும். ஸ்டென்சிலை எடுத்துவிட்டு உலரவிட்டு, சோயாப் பாலில் குழைத்த நிறமியைத் தூரிகையால் பூசுவார்கள். அந்தப் பாலின் புரதம்தான் நிறத்தைப் பிடித்துவைக்கிறது. கடைசியில் தண்ணீரில் ஊறவைத்தால் பசை கரைந்து போகும். பசை இருந்த இடமெல்லாம் வெள்ளை, ஸ்டென்சில் மூடிக் காத்த இடமெல்லாம் நிறம். துளையிட்ட இடம் வெளுத்து, விட்டுவைத்த இடம் கோடாகிறது. மோரியின் கோடுகள் ஏன் கைகோத்து நிற்கின்றன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இந்தச் சாயக்கலையையும் திருவிழாவையும் சேர்க்கும் முடிச்சு ஒன்று உண்டு. ஜப்பானியத் திருவிழாவில் மிகோஷி எனப்படும் சாமிப் பல்லக்கைச் சுமப்பவர்கள் போட்டிருக்கும் குட்டை அங்கி, ஹாப்பி. முதுகில் தெருவின் பெயரோ சின்னமோ பெரிதாக வெள்ளையில் இருக்கும். மரபாக அந்தச் சின்னம் வந்ததும் இதே அரிசிப்பசை வழியில்தான்: பசை வைத்து, அவுரித் தொட்டியில் தோய்த்து, அலசுவது. கோடைத் திருவிழாக்களில் எல்லாரும் உடுத்தும் யுகாதாவின் பூவேலையும் ஸ்டென்சில் தந்தது. ஆகவே ஒரு சாயக்காரர் திருவிழாவைப் படமாக்கும்போது வேடிக்கை பார்க்க வந்த வெளியாள் அல்லர். அந்தக் கூட்டத்துக்கு உடை தைக்கத் துணி கொடுத்தவர்களின் வம்சம் அவர்.

வடக்கே ஆவோமோரியில் ஆகஸ்ட் 2 முதல் 7 வரை நடக்கும் நெபுதா திருவிழாவில் இந்த உறவு இன்னும் பட்டவர்த்தனம். கம்பிக்கூட்டின் மேல் தாள் ஒட்டி, போர்வீரர், பூதம் என்று வீட்டளவு உருவங்களைச் செய்து, உள்ளே விளக்கேற்றி இழுத்துவருவார்கள். அந்த உருவத்துக்கு முதலில் மையால் கறுப்புக் கோடு போடுவார்கள், பிறகு உருகிய மெழுகைத் தடவுவார்கள். நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் மெழுகு தடுக்கும், விளக்கொளியும் ஊடுருவும். ஸ்டென்சிலில் பசை செய்கிற வேலையை இங்கே மெழுகு செய்கிறது.

இந்த ஸ்டென்சில் தொழிலைத் துணியிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு செரிசாவா கெய்சுகேயினுடையது. 1895-ல் ஷிசுவோகாவில் துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1928-ல் தோக்கியோவின் உவேனோவில் நடந்த கண்காட்சியில் ஒக்கினாவாவின் பிங்காத்தா துணிகளைப் பார்த்தார். ஒரே ஸ்டென்சில், அதன்மேல் கையால் பூசிய பல நிறங்கள், தென்கடல் வெயிலின் பிரகாசம். அந்தத் துணிகள் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டன. 1939-ல் ஒக்கினாவாவுக்கே போய்த் தொழில் கற்றார். ஆறே ஆண்டுகளில் போர் அந்தத் தீவைச் சுடுகாடாக்கியது. பட்டறைகளும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஸ்டென்சில்களும் அழிந்தன. போர் முடிந்ததும் பிங்காத்தாக் கைவினைஞர் ஷிரோமா எய்கி போன்றவர்கள் ராணுவம் எறிந்த வரைபடத்தாளில் உருவம் வெட்டினார்கள். தோட்டா உறையைப் பசைக்குழாயின் முனையாக்கினார்கள், உடைந்த இசைத்தட்டால் பசை இழுத்தார்கள். கைத்தொழில் வரலாற்றில் என்னை இந்த அளவுக்கு உலுக்கிய செய்திகள் சிலவே.

செரிசாவாவின் தோக்கியோ வீடும் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. துணி கிடைக்காத காலம். கைத்தாள் கிடைத்தது. அதில் 1946-ம் ஆண்டுக்கு ஸ்டென்சில் நாட்காட்டி ஒன்றைச் செய்தார். மாதத்துக்கு ஒரு தாள், பருவங்களின் சின்னங்கள், எண்களே அலங்காரம். அந்த நாட்காட்டிகள் ஆண்டுதோறும் தொடர்ந்து வந்தன, கடல்கடந்தும் போயின. 1956-ல் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. அவருடைய மாணவர் வாத்தனாபே சதாவோ இதே பசையையும் தாளையும் கொண்டு பைபிள் காட்சிகளைச் செய்தார். அவருடைய கடைசி இராவுணவில் சீடர்கள் கிமோனோ உடுத்தி உட்கார்ந்திருப்பார்கள்.

மோரி வேறு மாதிரி. 1898-ல் தோக்கியோவில் பிறந்தவர், கிமோனோச் சாயம் போட்டுப் பிழைத்தவர். பழைய நகரத்தின் மையமான நிஹோன்பாஷி வட்டாரம் காண்டா கோயில் எல்லைக்குள்ளும் ஹியே கோயில் எல்லைக்குள்ளும் வருகிறது. காண்டா திருவிழாவின் பெருவிழா ஒற்றைப்படை ஆண்டுகளில், ஹியே கோயிலின் சான்னோ திருவிழா இரட்டைப்படை ஆண்டுகளில். வெயில் ஏறினால் பல்லக்குச் சத்தம் கேட்கும் அந்த நகரத்தின் பிள்ளை அவர். அறுபதை நெருங்கும் வயதில்தான் தாளில் படம் செய்வதில் முழுமூச்சாக இறங்கினார். திருவிழாக்கள், தச்சரும் சாயக்காரருமான தொழிலாளிகள், கபுகி நடிகர்கள், ஹெய்கே காவிய வீரர்கள் என்று 1992-ல் இறக்கும்வரை ஓயாமல் வெட்டினார்.

அந்தப் பாதையில் சில ஆண்டுகளிலேயே ஒரு பிரிவு வந்தது. 1925-ல் சிந்தனையாளர் யானாகி சோயெத்சுவும் குயவர்கள் ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோரும் தொடங்கிய மிங்கெய் இயக்கம், அன்றாடப் பண்டங்களின் அழகைப் போற்றியது. பெயரில்லாத கைவினைஞரே உயர்ந்தவர், பொருள் பேசவேண்டும், செய்தவன் பின்னால் நிற்கவேண்டும் என்றது. இந்த இயக்கத்துக்குள் செரிசாவாவிடம் கற்றவர்தான் மோரி. 1960-களின் தொடக்கத்தில் குருவுக்கும் சீடருக்கும் வாதம் மூண்டது. மரபு வகுத்த கைத்திறன் முதலா, தனி மனிதனின் படைப்பு வேகம் முதலா? மோரி இரண்டாவதன் பக்கம் நின்றார், இயக்கத்தை விட்டு வெளியேறினார்.

நான் இந்த விஷயத்தில் மோரியின் கட்சி. செரிசாவாவின் அடக்கம் நாட்காட்டிக்கும் திரைச்சீலைக்கும் பொருந்தும். நூறு பேர் ஒரு டன் எடையைத் தோளில் ஏற்றிக் குலுக்கும்போது அந்த அடக்கம் போதாது. முகம் கோணவேண்டும், கோடு முரடாக வேண்டும், செய்தவனுடைய ரத்தம் அதில் தெரிய வேண்டும். அதே சமயம், மோரி பள்ளியை விட்டாரே தவிரத் தாளையும் கத்தியையும் விடவில்லை. எவ்வளவு திமிறினாலும் ஒவ்வொரு கோடும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டே ஆகவேண்டும் என்ற சட்டத்துக்குக் கடைசிவரை உட்பட்டார். பல்லக்குச் சுமப்பவனுக்கும் அதே சட்டம்தான். எவ்வளவு வெறியோடு ஆடினாலும் தண்டிலிருந்து தோளை எடுக்கமுடியாது. உள்ளடக்கமும் செய்முறையும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய படங்கள் அச்சுக்கலையில் அபூர்வம்.

ஜப்பான் போகிறவர்கள் பலரும் கோயிலையும் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தோக்கியோவின் கொமாபாவில் யானாகி 1936-ல் நிறுவிய நாட்டுக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஷிசுவோகாவில் 1981-ல் திறந்த செரிசாவா அருங்காட்சியகம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அரைநாள் ஒதுக்குங்கள். மே மாதத்தில் போகிறவர்கள் காண்டா திருவிழாவின் ஆண்டா என்று முன்கூட்டிப் பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள்.

(அடுத்த வாரம்: கைத்தாள் ஊறும் குளிர்காலத் தொட்டிகள்)