சங்கரன்கோவிலில் வடக்கே திரும்பினால்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவிலுக்கு ஆடி மாதத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, மேடே இல்லாத ரோட்டில் மேடேறும் சிரமம் தெரியும். அதைக் கணக்காகவே போட்டுவிடலாம். ஆளும் வண்டியுமாக 75 கிலோ, வேகம் மணிக்கு 25 கி.மீ. எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 மீட்டர் உயரும் சாலையில் ஏறுவதற்கு அது சமம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று பல நாள் அதைவிடப் பலமாகவே வீசும். கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது இதனால்தான்.

டூர் டி பிரான்ஸ் போன்ற மூன்று வாரப் பந்தயங்களில் மலை ஓட்டத்துக்குப் பாதை வகுப்பவர்களும் காற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சமதரையில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது வீரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளக்கவே செலவாகிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிச்சம். ஆனால் 8 சதவீத ஏற்றத்தில் 300 வாட் திறனைக் கொட்டினாலும் வேகம் 16, 17 கி.மீ.தான். உழைப்பில் பெரும்பகுதியைப் புவியீர்ப்பு வாங்கிக்கொள்கிறது. யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸில் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களை 1910-இல் சேர்த்த பிறகு, வெற்றி தோல்வி பெரும்பாலும் மலையில்தான் முடிவாகிறது.

நமக்கும் அப்படிப்பட்ட மலைப்பாதை உண்டு. 2008-இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ சைக்கிள் பயணத்தில் எல்லோரும் அஞ்சுவது மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையைத்தான். 36 கொண்டை ஊசி வளைவுகள். பலர் இறங்கித் தள்ளிக்கொண்டே போவார்கள். ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஏற ஏற மூச்சும் போதாது.

என் ஆசை வேறு. இப்படியொரு ஓட்டம் கோவில்பட்டியில் புறப்பட்டு, சங்கரன்கோவில், ராஜபாளையம், உசிலம்பட்டி, தேனி வழியாகப் போய், 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டில் முடிய வேண்டும். 200 கி.மீ.க்கு மேல் வரும். ஆடியில் வைத்தால், மலையைக் காணும் முன்பே பாதிப் பந்தயம் முடிந்திருக்கும்.

சங்கரன்கோவில் வரை மேற்குக் காற்று நேர் எதிரே அடிக்கும். களைப்புத்தான், ஆனாலும் கூட்டம் கலையாது, எல்லோருக்கும் மறைவு கிடைக்கும். அங்கே வடக்கே திரும்பியதும் அதே காற்று இடப்பக்கமாக அறையும். முன்னவர் சாலையின் இடது ஓரத்தைப் பிடிப்பார். மறைவு தேடுகிறவர்கள் அவருக்குப் பின்னே வலப்புறமாகச் சரிந்து அணிவகுப்பார்கள். சாலையின் அகலம் கொள்ளும் ஆட்களுக்குத்தான் அதில் இடம். மிஞ்சியவர் வலது ஓரத்தில் மறைவில்லாமல் தவித்து அறுந்துபோவார். ஆடியில் கரிசல் காடுகள் உழுது போட்டபடி புரட்டாசி மழைக்குக் காத்துக் கிடக்கும். காற்றை மறிக்க ஆளுயரப் பயிர்கூட இருக்காது. 2013 டூர் டி பிரான்ஸில் சமதரை நாளொன்றில் இப்படித்தான் பக்கக்காற்று கூட்டத்தை உடைத்தது. ஒட்டுமொத்த முன்னிலைக்குரிய மஞ்சள் சட்டையில் இருந்த கிறிஸ் ஃப்ரூமே போட்டியாளர் ஆல்பெர்தோ கொன்டடோரிடம் 1 நிமிடம் 9 நொடி இழந்தார்.

பாதை வகுப்பவர் கால்நடையாகப் பார்த்தே தீர வேண்டியது அந்த வலது ஓரத்தை. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும். சாலைக்கு நடுவே தார் மூடியிருப்பதால் ஈரம் அதிகம் மாறாது; ஓரத்தில்தான் மழையும் வெயிலும் மாறிமாறி வேலை காட்டும். தார் முதலில் பிளப்பதும் அங்கேதான். காற்று ஒருவரைத் தள்ளிக்கொண்டுபோய் விடும் இடமும் அதுவே. 23 மி.மீ. டயர் போட்ட காலம் போய் இப்போது 28 மி.மீ. வந்துவிட்டது, ஆனாலும் விரல் நுழையும் வெடிப்பில் சக்கரம் இறங்கினால் ஆள் கீழேதான். அந்த ஓரங்களைப் பூசிச் செப்பனிடாமல் ஆடியில் பந்தயம் வைக்கக் கூடாது. முடியாதென்றால் மார்கழிக்குத் தள்ளி வைக்கலாம். மேற்குக் காற்று அடங்கியிருக்கும், முடிவைப் போடிமெட்டு ஏற்றமே சொல்லும்.