காபி வாசம் தெரியலையா? மூக்குக்கும் இருக்கு பயிற்சி!

அடுப்பில் பால் பொங்கி வற்றி, பாத்திரம் கருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த அறையில் பெரியம்மா நிம்மதியாக டி.வி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆர்.எஸ்.புரத்தில் அவர் வீட்டுக் கதவைத் திறந்ததுமே எனக்கு நெடி அடித்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சளி புடிச்சு ரெண்டு மாசமாச்சு கண்ணு. அப்பயிருந்தே வாசம் தெரிய மாட்டேங்குது. காபி குடிச்சாக்கூட சுடுதண்ணி மாதிரிதான் இருக்குது."

"டாக்டரைப் பார்த்தீங்களா பெரியம்மா?"

"இதுக்கெல்லாம் யாராச்சும் டாக்டர்கிட்ட போவாங்களா?"

கண் மங்கினால் ஓடுகிறோம், காது மந்தமானாலும் போகிறோம். மூக்கு என்றால் மட்டும் 'தானா வந்துரும்' என்று விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும், கோவைக்காரர்கள் இதை மறந்திருக்க முடியாது. 2020 ஜூன் 13-ம் தேதி மத்திய சுகாதாரத்துறை, வாசனை, சுவை இழப்பை கொரோனா அறிகுறிகளில் சேர்த்தது. 2021 மே மாதம் தினசரி தொற்று எண்ணிக்கையில் சென்னையையே கோவை முந்தியபோது, காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பதுதான் பல வீடுகளில் முதல் டெஸ்ட்டாக இருந்தது.

காரணம் என்ன?

மூக்கின் உச்சியில், தபால்தலை அளவே உள்ள ஒரு சவ்வில் முகரும் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியே மூளைக்குப் போகின்றன. சளி, சைனஸ் வீக்கம், சதை வளர்ச்சி போன்றவை இருந்தால் வாசனை அந்தச் சவ்வு வரை போய்ச் சேராது. வைரஸ் தாக்கினால் சவ்வே பழுதாகும். கொரோனா பெரும்பாலும் நரம்பு செல்லை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் துணை செல்களைத்தான் பிடித்தது. தலையில் அடிபட்டால் சல்லடைத் துளையிலேயே இழைகள் அறுந்துபோகலாம். ஹெல்மெட் போடாமல் டூ-வீலரில் விழுந்தவர்களுக்கு வாசனை போவது இப்படித்தான்.

காரணமே இல்லாமல் மெல்ல மெல்லக் குறைந்தால் அலட்சியம் வேண்டாம். வயது காரணமாக இருக்கலாம். பார்கின்சன் நோயில் கை நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்பே முகர்திறன் குறைவது உண்டு.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பியில் மூக்கின் உள்ளே பார்ப்பார். தேவைப்பட்டால் சி.டி அல்லது எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்வார். பிறகு, கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து காபித்தூளையோ கிராம்பையோ நீட்டலாம். வீட்டில் நாம் தைலத்தை முகர்ந்து 'சுர்ர்னு ஏறுது, மூக்கு நல்லாத்தான் இருக்கு' என்போமே, அது சரியான சோதனை இல்லை. அந்தச் சுர்ரென்ற உணர்வைக் கொண்டுபோவது முகத்தின் உணர்ச்சி நரம்பு. அதற்கும் வாசனை நரம்புக்கும் சம்பந்தமில்லை.

மதிப்பெண் போடும் சோதனைகளும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான சோதனையில், சுரண்டி முகரும் 40 அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால், அதில் ரூட் பியர், டில் ஊறுகாய் எல்லாம் வரும். நம்மூர் பாட்டி அதைத் தவறவிட்டால் அது மூக்கின் குற்றமா என்ன? அதனால்தான் நமக்குப் பழகிய வாசனைகளை வைத்து இந்திய மருத்துவர்களும் சோதனை உருவாக்கியிருக்கிறார்கள்.

நாலு பாட்டில் வைத்தியம்

சதை வளர்ச்சி, சைனஸ் என்றால் ஸ்டீராய்டு ஸ்பிரே, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழி இருக்கிறது. வைரஸுக்குப் பின் போன வாசனைக்கு நேரடி மாத்திரை எதுவும் இல்லை. ஆனால், முகரும் நரம்பு செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. அந்த நம்பிக்கையில்தான் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மெல் குழு ஒரு பயிற்சியைச் சோதித்து, 2009-ம் ஆண்டு வெளியிட்டது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கே வாசனைகள். தினமும் இரண்டு வேளை என 12 வாரங்கள், 40 பேர் முகர்ந்தார்கள். பயிற்சி செய்யாத 16 பேரைவிட அவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. எல்லோருக்கும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நாலும் கோவையில் கூப்பிடு தூரம்தான். பூ மார்க்கெட்டில் ரோஜா, உழவர் சந்தையில் எலுமிச்சை, அஞ்சறைப்பெட்டியில் கிராம்பு, மேட்டுப்பாளையம் ரோட்டில் மேலே ஏறினால் நீலகிரித் தைலம். எண்ணெயாகக் கிடைத்தால், சிறு பாட்டிலில் பஞ்சு வைத்துச் சில சொட்டுகள் விட்டால் போதும். ஒவ்வொன்றையும் 10 விநாடிகள் மெதுவாக முகர வேண்டும். அந்த வாசனை எப்படி இருக்கும் என்று மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். மூக்குக்குள் எண்ணெய் விடக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நடுவில் காபி சாக்கடை போலவும், வெங்காயம் அழுகல் போலவும் நாறலாம். பயப்பட வேண்டாம், நரம்பு மறுபடி இணையும்போது இப்படி நடப்பது உண்டு.

வாசனை திரும்பும்வரை வீட்டில் கவனம் தேவை. சிலிண்டர் கேஸுக்கு வாசனையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றமடிக்கும் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். அதையே உணர முடியாதவர் தனியாக இருக்கும் வீட்டில் கேஸ் கசிவு அலாரம் அவசியம். மீந்த குழம்பு டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

பெரியம்மாவுக்கு எண்டோஸ்கோப்பியில் அடைப்பு எதுவும் இல்லை. இப்போது ஏழாவது வாரப் பயிற்சி. போன ஞாயிற்றுக்கிழமை கிராம்பு பாட்டிலைத் திறந்தவர், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னமோ வருது கண்ணு. என்னன்னுதான் புடிபடல."

காபி இன்னும் சுடுதண்ணிதான்.