இரவு தங்கினால்தான் ஊருக்கு வியாபாரம்

மாமல்லபுரத்தில் வெளியூரார் கால் படாத நாளில்லை. ஆனாலும், "கூட்டம் தெரிகிறது, கல்லாவில் தெரியவில்லையே" என்று மளிகைக்கடை அன்பர்கள் நம்மிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. இதற்கான காரணத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

காலையில் வந்து மாலையில் சென்னை திரும்புகிறவர் வாங்குவது தண்ணீர் பாட்டில், பிஸ்கெட், ஓர் இளநீர். அத்தோடு சரி. இரவு தங்குகிறவருக்கோ ராச்சாப்பாடு வேண்டும், காலைப் பலகாரம் வேண்டும், காபி வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், காபித்தூள் என்று ஓட்டல்காரரின் கொள்முதல் கூடுகிறது. சில்லறைக் கடைக்கும் ஓட்டம். நம் போன்ற மொத்த வியாபாரிக்கும் ஓட்டம். வருகிறவர் எத்தனை பேர் என்பதைவிட, தங்குகிறவர் எத்தனை பேர் என்பதே நமக்கு முக்கியம்.

ஜோர்டான் நாட்டைப் பாருங்கள். பாதிக்கு மேல் பாலைவனம். ஆனால் பாறையில் குடைந்த பெட்ரா என்ற பழைய நகரம், உப்பு மிகுந்த சாக்கடலில் குளியலும் சேற்றுப் பூச்சும், வாடி ரம் மலைகளில் நடைப்பயணம் என்று மூன்றையும் ஒரே சுற்றாக இணைத்துக் காட்டுகிறார்கள். போகிறவர் சில நாள் தங்காமல் திரும்புவதில்லை.

நம்மிடம் என்ன குறை? பெட்ராவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது 1985-இல். மாமல்லபுரத்தை அதற்கு ஓராண்டு முன்பே, 1984-இல் ஏற்றுக்கொண்டது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றை யாவரும் பார்க்கிறார்கள். வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகைக்குப் போகிறவர் குறைவு. அதன் அருகே, 2004 சுனாமிக்குப் பின் அகழ்ந்து கண்ட பழைய செங்கல் முருகன் கோயில் இருப்பது பலருக்குத் தெரியாது.

மலையேற வேண்டுமா? சுமார் 15 கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் வேதகிரீசுவரர் தரிசனம். பாறையைக் குடைந்த ஒருகல் மண்டபமும் அம்மலையில் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை அதில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடிவாரத்து ஊரில் சங்கு தீர்த்தம். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை அதில் சங்கு தோன்றும் என்பது ஐதீகம். எண்ணெய்க் குளியலும் ஆயுர்வேதச் சிகிச்சையும் வேண்டுவோர்க்குக் கடற்கரைச் சாலை விடுதிகள் இருக்கின்றன. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. மெல்லிய துணி வாணிபத்துக்குப் பேர் பெற்ற துறைமுகம் அது. கோட்டைக்குள் தானியக் கிடங்கு இருந்த இடத்தை இன்றும் காணலாம். வணிகர் நாம் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

இத்தனையும் ஒரே நாளில் முடியாது. மலையை வெயில் ஏறுமுன் ஏற வேண்டும். அதற்கு முதல்நாள் இரவே இங்கு தங்கியாக வேண்டும். இதை வருகிறவருக்குச் சொல்வதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? நாம் செய்யக்கூடியவை சில:

1. இந்த இடங்களின் பெயர், தூரம், பேருந்து விவரம் எழுதிய அட்டையொன்றைக் கடை முகப்பில் தொங்கவிடலாம்.

2. வெளியூராராயிற்றே என்று அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. அது சட்டப்படி குற்றம். ஏமாந்தவர் மறுமுறை தங்கமாட்டார்.

3. வியாபாரம் கூடுகிறது என்று கடையை நீட்டிக் கட்டுமுன் விசாரிக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா நடக்கும் பருவமே நமக்கு நல்ல வியாபாரக் காலம். சரக்கு சேர்க்கும் முன்பே அட்டையை எழுதி மாட்டிவிடுங்கள். செலவு ஓர் அட்டையும் கொஞ்சம் மையும்தான்.