மார்பக அடர்த்தியும் பரம்பரையும்: வன்னிப் பெண்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பிள்ளையின் முகத்திலும் நிறத்திலும் பெற்றோரின் சாயலைக் கண்டு மகிழும் நாம், உடலினுள்ளே மறைந்து வரும் சாயல்களைப் பெரிதும் எண்ணிப்பார்ப்பதில்லை. பெண்களின் மார்பக அடர்த்தி அத்தகைய சாயல்களுள் ஒன்றாகும்.

மார்பகம் சுரப்பியிழையம், நாரிழையம், கொழுப்பிழையம் என்பவற்றாலானது. எக்ஸ் கதிர்ப்படத்தில் கொழுப்பிழையம் கருமையாகவும், ஏனைய இரண்டும் வெண்மையாகவும் தோன்றும். வெண்மை மிகுந்த மார்பகமே அடர்த்தி மிகுந்தது எனப்படும். இது நோயன்று, கையால் தொட்டு அறியத்தக்கதுமன்று. ஆயினும் புற்றுநோய்க் கட்டியும் வெண்மையாகவே தோன்றுவதால், அடர்த்தி அதனை மறைத்துவிடக்கூடும். அன்றியும், அடர்த்தி மிக உயர்ந்த பெண்களுக்கு, அது மிகக் குறைந்தோரைவிட நான்கு முதல் ஆறு மடங்கு வரை புற்றுநோய் வாய்ப்பு உண்டென ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவ்வடர்த்தி எங்கிருந்து வருகின்றது? 2002இல் போய்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும், அவுஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் 951 சோடி இரட்டைச் சகோதரிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் பரம்பரையலகுகள் ஒத்தவை. இரு கருக்களில் தோன்றியோர் சராசரியாகப் பாதியையே பகிர்வர். முன்னையோரின் அடர்த்தி பின்னையோரினதைவிட நெருங்கியிருந்தது. பெண்களிடையே காணப்படும் அடர்த்தி வேறுபாட்டில் ஏறக்குறைய 63 வீதம் பரம்பரையால் விளைவதென அவர்கள் கணித்தனர். இதற்குக் காரணம் ஒரு பரம்பரையலகன்று. சிறு சிறு விளைவுடைய பல அலகுகள். அவை தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் வருவன. வயது, மகப்பேறு, மாதவிடாய் நிற்றல், உடற்பருமன் ஆகியனவும் அடர்த்தியை மாற்றுகின்றன. ஆகவே பரம்பரையை விதியெனக் கொள்ளுதல் தவறு.

இங்கு வன்னியின் நிலை தனியே நோக்கற்பாலது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, ஈற்றில் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். உயிர்களோடு வைத்தியக் குறிப்புகளும், குடும்பத்து மூத்தோரின் நினைவுகளும் அழிந்தன. பாட்டி எந்நோயால் இறந்தார் என்பதைக் கூற ஒருவருமில்லாத வீடுகள் பல. பரம்பரையலகுகள் தொடர்ந்து வர, அவற்றின் வரலாறு அறுந்துபோயிற்று.

எனவே எஞ்சியுள்ள மூத்த பெண்களிடமும், தந்தைவழி உறவினரிடமும் கேட்டறிந்து குறித்துவைத்தல் நம் கடனாகும். நாட்டில் 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் அக்குறிப்பைக் கூறலாம். அங்கு கையால் செய்யும் பரிசோதனை அடர்த்தியைக் காட்டாது. ஆனால் குடும்ப வரலாறு, மேற்பரிசோதனை வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வைத்தியருக்கு உதவும். நாணத்தால் மறைக்கப்படும் ஒரு சொல், மகளுக்குக் கிடைக்கவேண்டிய காலத்தைப் பறித்துவிடலாகாது.